இருவருக்கு ஒரே மடிக்கம்பி: சிறுவனுக்கு அது போதுமா?

காவிரிக்கரை (கேள்வி):

கோடை விடுமுறையில் குடும்பத்துடன் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சென்றிருந்தோம். அங்கிருந்த நடுத்தர ரோலர் கோஸ்டரில் நானும் என் எட்டு வயது மகனும் ஒரே இருக்கையில் அமர்ந்தோம். இருவர் மடிக்கும் குறுக்காக ஒரே கம்பிதான் இருந்தது. பணியாளர் அதை அழுத்தினார், ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது, ஒருமுறை மேலே இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். என் மடியில் கைப்பை இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. கம்பி என் பையின் மீது பதிந்து நின்றுவிட்டதால், மகனின் தொடைக்கும் கம்பிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி இருந்தது.

இரண்டாவது மேட்டைத் தாண்டி வண்டி சரிந்தபோது அவன் இருக்கையை விட்டு எழும்பினான். சட்டையைப் பிடித்து இழுத்து அமர்த்தினேன். பொத்தான் ஒன்று என் கையோடு வந்துவிட்டது. இறங்கியதும் முறையிட்டதற்கு, பையன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வந்ததுதான் காரணம் என்று பணியாளர் கூறிவிட்டார். அவன் கையைத் தூக்கியது உண்மைதான். ஆனால் கையைத் தூக்கினால் உடல் எழும்பிவிடுமா? கம்பி பூட்டியிருந்தும் இப்படி நடக்கக்கூடுமா?

பழைய ஆபரேட்டர்:

ஒன்பது ஆண்டுகள் ரைடுகளை இயக்கியவன் என்ற முறையில், பணியாளரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், சகோதரி. கம்பியை இறக்கும்போது வயிற்றை உப்பிக்கொண்டு, ஆள் நகர்ந்ததும் மூச்சை விட்டு வசதியாகச் சாய்ந்துகொள்பவர்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். கால்களை மடக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொள்பவர்கள், வண்டி உச்சியை நெருங்கும்போது திரும்பி உட்கார்ந்து பின் இருக்கை நண்பர்களைப் படம் எடுப்பவர்கள் என்று பலவகை உண்டு. உயரம் அளக்கும் கோலின் முன்னே குதிகாலை உயர்த்தி நிற்கும் பிள்ளையைவிட, “இரண்டு விரல் அளவுதானே குறைகிறது, விடுங்கள் அண்ணா” என்று மன்றாடும் தந்தையைச் சமாளிப்பதுதான் கடினம்.

ஆயினும் உங்கள் விஷயத்தில் தவறு அவருடையதே. மடியில் பொருள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம்.

பராமரிப்புப் பொறியாளர்:

கையைத் தூக்குவதால் உடல் எழும்புவதில்லை. மேட்டின் உச்சியைக் கடக்கும்போது தண்டவாளம் வண்டியைக் கீழே வளைத்து இழுக்கிறது; உடலோ தான் போய்க்கொண்டிருந்த பாதையிலேயே தொடர முயல்கிறது. ஆகவே நாம் எழும்புவதாகத் தோன்றினாலும், உண்மையில் இருக்கைதான் நம்மைவிட்டுக் கீழே விலகுகிறது. அந்நேரத்தில் உடலையும் தன்னோடு கீழே கொண்டுவர வேண்டியது தொடையின் மேல் பதிந்திருக்கும் கம்பியின் வேலை. கைப்பிடியைப் பற்றச் சொல்வது நல்ல விதியே. ஆனால் ஒரு குழந்தையின் விரல் வலிமையை நம்பி எந்த ரைடும் வடிவமைக்கப்படக் கூடாது.

‘பூட்டிவிட்டது’ என்பதும் ‘ஆளைப் பிடித்திருக்கிறது’ என்பதும் ஒன்றல்ல. பல்சக்கர வகைக் கம்பி ஒவ்வொரு பல்லிலும் பூட்டிக்கொள்ளும். பையின் மீது நின்றாலும் பூட்டிக்கொள்ளும், காற்றில் நின்றாலும் பூட்டிக்கொள்ளும். பணியாளர் மேலே இழுத்துப் பார்த்தது பூட்டைச் சோதித்ததே தவிர, உங்கள் மகனைச் சோதித்ததாகாது. பொதுக் கம்பி எப்போதும் இருவரில் பருமனானவரின் தொடையில்தான் நிற்கும். நீங்கள் வைத்திருந்த பை அந்த இடைவெளியை இன்னும் பெரிதாக்கியது. நடுவழியில் பை நசுங்கியிருந்தால் உங்களுக்கும் கம்பி தளர்ந்திருக்கும்.

அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2291 தரநிலை, ரைடு தரும் முடுக்கத்தின் அளவையும் திசையையும் பொறுத்து, மடிக்கம்பி போன்ற தடுப்புகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்புக்குத் தடுப்பே தேவையில்லை. ஐந்தாவதில் ஓர் உறுப்பு செயலிழந்தாலும் பயணியைப் பிடித்துவைக்க மாற்று ஏற்பாடு இருந்தாக வேண்டும். கடுமையான வகுப்புகளில் ஒவ்வொருவருக்கும் தனித் தடுப்பு என்பது, பொதுக் கம்பி பருமனானவர் மீதே நின்றுவிடும் என்ற காரணத்தால்தான்.

ஃபுளோரிடாவாசி:

மேலே சொன்னதற்கு எங்கள் மாநிலத்திலேயே கசப்பான சான்று ஒன்று உண்டு. 2022 மார்ச் 24 அன்று ஆர்லாண்டோவில், ஆட்களை மேலே ஏற்றிச் செங்குத்தாகக் கீழே விழவிடும் 430 அடி உயரமுள்ள ‘ஃப்ரீஃபால்’ கோபுர ரைடிலிருந்து 14 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தான். அவன் எந்த விஷமமும் செய்யவில்லை. அவனுடைய தோள்தடுப்பும் இறுதிவரை பூட்டியே இருந்தது. வண்டி கீழே வந்து பிரேக் பிடித்தபோது இருக்கைக்கும் தடுப்புக்கும் இடையே இருந்த சந்து வழியாக நழுவிவிட்டான்.

தடுப்பு போதுமான அளவு இறங்கியதா என்பதை ஒரு சென்சார் உறுதிசெய்தால் மட்டுமே வண்டி கிளம்பும். மாநில அரசு நியமித்த பொறியியல் நிறுவனத்தின் அறிக்கைப்படி, அவன் அமர்ந்த இருக்கையின் சென்சார் கையால் மாற்றி அமைக்கப்பட்டிருந்தது. மற்ற இருக்கைகளில் சுமார் 3.3 அங்குலமாக இருந்த இடைவெளி அங்கே சுமார் 7 அங்குலமாக இருந்தும், எல்லாம் சரி என்று விளக்கு எரிந்தது. உற்பத்தியாளரின் கையேடு குறிப்பிட்ட எடை வரம்பு 130 கிலோ. சிறுவனின் எடையோ 170 கிலோவுக்கும் மேல். இடைவெளி கூடினாலும் ஆளைத் தடுத்திருக்கக்கூடிய இருக்கைப் பட்டை அதில் இல்லை.

ரைடு பின்னர் பிரித்து அகற்றப்பட்டது. இவ்வகைக் கோபுரங்களுக்கான விதிகளைக் கடுமையாக்கும் சட்டம் 2023இல் ஃபுளோரிடாவில் நிறைவேறியது. மாட்டும்போது நான்கு விநாடி செலவாகும் ஒரு பட்டைக்குச் சட்டம் தேவைப்பட்டதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

காவிரிக்கரை:

மூவருக்கும் நன்றி. பையை மடியில் வைத்தது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பூங்காவுக்கு எழுதிய கடிதத்தில் கைகளைப் பற்றிய வாக்குவாதத்தை நீக்கிவிட்டு, கம்பி எங்கே நின்றது என்பதை மட்டும் படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். கேள்வி இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது: இப்படிப்பட்ட இருக்கையில் பிள்ளையை எந்தப் பக்கம் உட்கார வைக்க வேண்டும்?

பராமரிப்புப் பொறியாளர்:

வாசல் ஒரு பக்கம் திறந்திருக்கும் பெட்டியானால், பிள்ளை உள்பக்கமும் பெரியவர் வாசல் பக்கமும் அமர வேண்டும். 2000 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று வண்டியிலிருந்து விழுந்து படுகாயமடைந்தபோது, அவன் திறந்த பக்கமாக அமர்த்தப்பட்டிருந்தான். வட்டமாகச் சுழலும் ரைடுகளில் உடல் வெளிப்புறமாகத் தள்ளப்படும்; அங்கும் பெரியவரே வெளிப்பக்கம் அமர வேண்டும், இல்லையேல் உங்கள் எடை முழுவதும் பிள்ளையின் விலாவில் விழும். இரண்டிலும் கம்பி இறங்கிய பிறகு உங்கள் கையை அவன் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தாராளமாகப் புரளுமானால், வண்டி கிளம்புவதற்கு முன்பே குரல் கொடுத்து இறங்கிவிடுங்கள்.