கிங்ஸ் லின்: சேற்று ஆற்றுக்குள் எப்படித் துறைமுகம் வந்தது?

தேங்காப்பட்டணத்தான்:
என் தங்கச்சி இங்கிலாந்தில் கிங்ஸ் லின் என்ற ஊரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள், போன மாதம் அம்மாவோடு போய்ப் பத்து நாள் இருந்தேன். கடல் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஊரை ஒட்டி ஓடுவது கிரேட் ஊஸ் ஆறு, தண்ணீர் இறங்கினால் ரெண்டு பக்கமும் வெறும் சேறு. ஆனால் கரை நெடுக எத்தனையோ பழைய பண்டகசாலைகள்! நம்ம ஊர்ப் பொழியில் (ஆறு கடலில் விழும் இடம்) மணல் மேடு தட்டாமல் வள்ளம் போய் வருவதே பெரும்பாடு, அங்கே மட்டும் எப்படி இவ்வளவு வியாபாரம்? பெயரில் ராஜா வேறு.

திங்கள்சந்தை:
ராஜா ஜான்தான். 1204-இல் ஊருக்குச் சாசனம் கொடுத்தவர். 1216 அக்டோபரில் லின்னிலிருந்து கிளம்பிப் போகும்போது வாஷ் வளைகுடாவின் சேற்றில் அவருடைய சாமான் வண்டிகள் போயின, சில நாளில் ஆளும் போய்விட்டார். அந்தப் புதையலை இன்னும் தேடுகிறவர்கள் உண்டு.

குழித்துறை வாசகன்:
கதை சரி, பெயர் அவரால் வரவில்லை அண்ணே. அது பிஷப்பின் ஊர். 1101 வாக்கில் ஹெர்பர்ட் டி லொசிங்கா என்ற பிஷப் அங்கே தேவாலயமும் சந்தையும் வைத்தார், அதனால் பிஷப்ஸ் லின். 1537-இல் எட்டாம் ஹென்றி பிஷப்பிடமிருந்து ஊரை எடுத்துக்கொண்ட பிறகுதான் கிங்ஸ் லின். உங்கள் பெயருக்கு ஏற்ற சேதி ஒன்று: அங்கே இப்போதும் சனிச்சந்தைத் திடல், செவ்வாய்ச்சந்தைத் திடல் என்று ரெண்டு இருக்கின்றன. நம்ம திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை மாதிரியே!

வியாபாரத்துக்குக் காரணம் ஆறு. முன்னால் ஊஸ் ஆற்றின் பெரும்பகுதி விஸ்பெக் என்ற ஊர்ப் பக்கம்தான் கடலில் விழுந்தது, 13-ஆம் நூற்றாண்டில் லின் பக்கம் திரும்பியது. கேம்பிரிட்ஜ் வரைக்கும் உள்நாட்டுப் படகுப் பாதை முழுக்க இவர்கள் கைக்கு வந்துவிட்டது. கம்பளியும் தானியமும் வெளியே போயின, மரம், மெழுகு, தோல் உள்ளே வந்தன. ஜெர்மன் வணிகர்களான ஹன்சா கூட்டம் 1475-இல் அங்கே சொந்தப் பண்டகசாலையே கட்டியது. இங்கிலாந்தில் மிச்சம் நிற்கும் ஹன்சா கட்டடம் அது ஒன்றுதான்.

கொளச்சல் கரை:
கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. மணலும் சேறும் அங்கேயும் உண்டு, வித்தியாசம் ஓதத்தில். நம்ம கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட வராது. வாஷில் பெரிய ஓதத்துக்கு ஆறு மீட்டருக்கு மேல் ஏறும். ஏறும்போது கப்பல் தண்ணீரோடு உள்ளே வரும், இறங்கினால் சேற்றில் உட்கார்ந்திருக்கும், அடுத்த ஏற்றத்தில் கிளம்பும். ஆனால் ஆறு தடம் மாறிக்கொண்டே இருந்ததால் 1853-இல் கடல்வரை புது வாய்க்கால் வெட்டினார்கள். அப்புறம் 1869-இல் மதகு வைத்த அலெக்சாண்ட்ரா டாக் வந்தது, கப்பல் எப்போதும் தண்ணீரில் மிதந்தபடி நிற்க. அதற்குள் 1840-களிலேயே ரயில் வந்து நிறையச் சரக்கைக் கொண்டுபோய்விட்டது. இன்றைக்கும் துறைமுகம் நடக்கிறது, சின்ன அளவில்.

தேங்காப்பட்டணத்தான்:
இப்போதுதான் புரிகிறது! மார்கரெட் தேவாலயக் கோபுரத்தில் ஒரு வட்டம் இருக்கிறது, மணிக்கான எண்கள் இருக்க வேண்டிய பன்னிரண்டு இடத்திலும் ஆங்கில எழுத்து, சேர்த்துப் படித்தால் 'லின் ஹை டைடு'. முள்ளுக்குப் பதில் ஒரு பச்சை டிராகன். கெட்டுப்போன கடிகாரம் என்று அம்மா சொன்னார், நானும் தலையாட்டினேன். அது தண்ணீர் ஏறும் நேரம் காட்டுவதா!

கொளச்சல் கரை:
அதேதான். அந்தத் தேவாலய வாசல் சுவரில் கீழே பார்த்தீர்களா? 1953-இல் கடல் பொங்கி வந்த வெள்ளம் எதுவரை ஏறியது என்று கோடு போட்டிருக்கிறார்கள். அந்த ராத்திரி அந்த ஊரில் மட்டும் பதினைந்து பேர் போனார்கள்.

தேங்காப்பட்டணத்தான்:
பார்க்கவில்லை. தங்கச்சியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.