ஃப்ரீ ஏஜென்சியில் வாயால் சொன்ன ‘சரி’ செல்லுமா, செல்லாதா?

பழைய_மேவ்ஸ்:

“இன்னுமா அந்த ஆளைத் திட்டுகிறீர்கள்?” என்று ஜூலை பிறந்தால் என் மனைவி கேட்பாள். ஆமாம், இன்னும்தான். டிஆண்ட்ரே ஜோர்டனைத்தான். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆறவில்லை.

புதிதாக என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்ப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒப்பந்தம் முடிந்த வீரர் பிடித்த அணியோடு பேசிச் சேர்வதுதான் ஃப்ரீ ஏஜென்சி. 2015 ஜூலை 3 அன்று, கிளிப்பர்ஸ் அணியில் இருந்த ஜோர்டன் எங்கள் டல்லாஸ் மேவரிக்ஸுக்கு வருவதாக வாயால் ஒப்புக்கொண்டார். நான்கு வருஷம், சுமார் 8 கோடி டாலர். ஆனால் அந்த நாட்களில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது லீக் விதி. பேசலாம், தலையாட்டலாம், கைகுலுக்கலாம். ஜூலை 9 பிறந்த பிறகுதான் பேனாவைத் திறக்க முடியும். மறுநாள் ஜூலை 4 விடுமுறை. அந்தக் குஷியில் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து அடுத்த சீசனில் பத்து ஆட்டங்களுக்கு டிக்கெட் எடுக்க முன்பணம் கட்டினோம்.

8ஆம் தேதி புதன்கிழமை. அலுவலகத்தில் ஒரு மீட்டிங். ஃபோனை மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிளிப்பர்ஸ் ஆள் ரெடிக் ட்விட்டரில் ஒரு கார் படம் போடுகிறார். எங்கள் சாண்ட்லர் பார்சன்ஸ் ஒரு விமானம். ப்ளேக் க்ரிஃபின் விமானம், ஹெலிகாப்டர், கார் என்று மூன்று. கிறிஸ் பால் ஒரு வாழைப்பழமும் படகும். எல்லாரும் ஹூஸ்டனில் ஜோர்டன் வீட்டை நோக்கிப் போகிறார்களாம். சாயங்காலம் க்ரிஃபின் இன்னொரு படம் போட்டார்: கதவுப் பிடிக்குக் கீழே முட்டுக்கொடுத்து நிற்கும் நாற்காலி. உள்ளே பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ், முதலாளி ஸ்டீவ் பால்மர், மொத்தப் பட்டாளமும். நள்ளிரவு தாண்டியதும் ஜோர்டன் பழைய அணிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து ட்விட்டரில் ஒரு மன்னிப்பு. என் முன்பண ரசீதில் மட்டும் ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

இவர் வருகிறார் என்று நம்பித்தான் டைசன் சாண்ட்லரை ஃபீனிக்ஸுக்குப் போகவிட்டோம். 2011இல் கோப்பை வாங்கித் தந்த மனிதர். அப்போதே ஒருமுறை விட்டு, 2014இல் திரும்பக் கொண்டுவந்து, மறுபடியும் விட்டோம்.

என் கேள்வி இதுதான். ஒரு அணி தன் மொத்தக் கணக்கையும் ஒருவர் வாய்ச்சொல்லை வைத்துப் போடுகிறது. மற்றவர்களை அனுப்பிவிடுகிறது. அப்படியானால் அந்தச் சொல் இரு தரப்பையும் கட்ட வேண்டாமா? மீறினால் அபராதம் என்றாவது வைக்கக் கூடாதா?

கேப்_கணக்கு:

அண்ணே, வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் ஒரு திருத்தம். டைசன் சாண்ட்லர் ஃபீனிக்ஸுக்குச் சரி சொன்னது ஜூலை 1. ஜோர்டன் உங்களுக்குச் சரி சொன்னது ஜூலை 3. அதாவது நீங்கள் சாண்ட்லரை விட்டது ஜோர்டனின் சொல்லை நம்பி அல்ல, உங்கள் ஆசையை நம்பி. அதற்கு எந்த விதி வந்தும் பாதுகாப்புத் தர முடியாது.

அடுத்தது அந்தத் தடைக்காலம் ஏன் இருக்கிறது என்பது. ஜூன் 30உடன் லீக்கின் நிதியாண்டு முடிகிறது. வந்த வருமானத்தைக் கூட்டிப் பார்த்து, அடுத்த சீசனுக்கு ஒவ்வொரு அணியும் சம்பளத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு போட வேண்டும். 2015இல் அது 7 கோடி டாலர் என்று வந்தது. இந்தக் கணக்கு முடியும்வரை கையெழுத்து வேண்டாம் என்றுதான் நிறுத்திவைத்தார்கள்.

அப்புறம் சட்டம். ஓராண்டுக்குள் நிறைவேற்றி முடிக்க முடியாத ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1677இல் இங்கிலாந்தில் வந்த சட்டம். அமெரிக்க மாநிலங்களிலும் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கிறது. ஆக, நான்கு வருஷ ஒப்பந்தத்தை வாயால் பேசிவிட்டு நீதிமன்றம் போனால் ஆரம்பத்திலேயே சிக்கல். லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் உள்ள ஒப்பந்தமோ, எல்லாம் ஒரே அச்சுப் படிவத்தில்தான் இருக்க வேண்டும், மறைமுகப் பேச்சு எதுவும் கூடாது என்கிறது. அதற்கு நல்ல காரணம் உண்டு. மினசோட்டா அணி ஜோ ஸ்மித்துடன், இப்போது குறைந்த சம்பளத்துக்கு ஆடு, பின்னால் பெரிய தொகை தருகிறோம் என்று ரகசிய ஏற்பாடு செய்து 2000இல் மாட்டியது. 35 லட்சம் டாலர் அபராதம், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஐந்து முதல் சுற்று வாய்ப்புகள் பறிப்பு. சிலவற்றைப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். வாய்ச்சொல் செல்லும் என்று விதி போட்டால் இந்த மாதிரி ஏற்பாடுகளுக்குப் பட்டுக் கம்பளம் விரித்த மாதிரி ஆகிவிடும்.

2004இல் கார்லோஸ் பூசர் கதையும் அப்படித்தான். அடுத்த வருஷத்துக்கு அவருக்கு 6,95,000 டாலர்தான் சம்பளம். நீண்ட ஒப்பந்தத்துக்கு வாக்குக் கொடுத்தார் என்று நம்பி கிளீவ்லாந்து அவரை விடுவித்தது. அவர் யூட்டாவுக்குப் போய் ஆறு வருஷத்துக்கு 7 கோடி டாலரை நெருங்கும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். அப்படி ஒரு வாக்கே நான் கொடுக்கவில்லை என்றார். வாக்குக் கொடுத்தது உண்மையென்றால் அந்தப் பேச்சே விதிமீறல். கிளீவ்லாந்து எங்கே போய்ப் புகார் கொடுக்கும்?

மூணு_செகண்ட்:

அந்தக் கோடையின் வேடிக்கையை யாரும் சொல்லவில்லையே. தடைக்காலத்தில் ஜோர்டன் ஒப்பந்தம் பற்றி வானொலியில் பேசியதற்காக டல்லாஸின் அப்போதைய முதலாளி மார்க் க்யூபனுக்கு 25,000 டாலர் அபராதம் போட்டார்கள். வராத ஆளைப் பற்றிப் பேசியதற்கு! கிளிப்பர்ஸுக்கும் 2,50,000 டாலர் அபராதம் விழுந்தது. அதுவும் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆளைத் திரும்ப இழுத்ததற்கு இல்லை. முதலில் சந்தித்தபோது ஒரு கார் விளம்பர வாய்ப்பைக் காட்டியதற்கு. நாற்காலிக்கு அபராதமே கிடையாது.

பெஞ்ச்_ஓரம்:

எல்லாரும் வீரர் வாக்குத் தவறினால் மட்டும் பேசுகிறீர்கள். அணி பின்வாங்கினால் அதற்கு வேறு பெயர்: மருத்துவப் பரிசோதனை.

2019 ஜூலையைப் பாருங்கள். ரெஜி புல்லக்குக்கு இரண்டு வருஷம், 2.1 கோடி டாலர் என்று நியூயார்க் நிக்ஸ் வாயால் ஒப்புக்கொண்டது. பிறகு உடல்நிலையில் பிரச்சினை என்று தெரிந்ததும் பழைய பேச்சு போயிற்று. கடைசியில் பாதிக்கும் குறைவான தொகைக்குக் கையெழுத்து. கழுத்தில் அறுவை சிகிச்சையும் நடந்தது. அணி செய்தது தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் யாரும் நிக்ஸை வாக்குத் தவறிய அணி என்று திட்டவும் இல்லை.

சம்பள உச்சவரம்பில் மிச்சமான இடத்தை நிக்ஸ் என்ன செய்தது? மார்கஸ் மோரிஸுக்கு ஒரு வருஷத்துக்கு 1.5 கோடி தருகிறோம் என்றார்கள். அவரோ ஏற்கெனவே சான் அன்டோனியோவுக்கு இரண்டு வருஷம், 2 கோடி என்று சரி சொல்லியிருந்தவர். நிக்ஸுக்குப் போய்விட்டார். மோரிஸுக்கு இடம் செய்யத்தான் சான் அன்டோனியோ டாவிஸ் பெர்டான்ஸை வாஷிங்டனுக்கு அனுப்பியிருந்தது. பெர்டான்ஸ் அங்கே மூன்று புள்ளி எறிந்து தள்ளி, மறுவருஷம் ஐந்து வருஷத்துக்கு 8 கோடி டாலர் வாங்கினார். சான் அன்டோனியோ 22 வருஷம் விடாமல் ப்ளேஆஃப் (சீசன் கடைசி நாக்-அவுட் சுற்று) போன அணி, அந்த சீசனில் போகவில்லை. மோரிஸ் ஒருவரால் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் வலிக்கும்தானே. ஒரு சங்கிலியில் எத்தனை கண்ணி பாருங்கள்! மோரிஸை மட்டும் கட்டிப்போட்டு, புல்லக் விஷயத்தில் அணியை விட்டுவிடும் விதி எனக்கு வேண்டாம்.

சொந்தக் கதை ஒன்று. இங்கே ஒரு கம்பெனியில், “நீங்கள் எங்களோடுதான், கடிதம் திங்கள்கிழமை வரும்” என்றார்கள். வெள்ளிக்கிழமையே பழைய வேலையில் ராஜினாமா கொடுத்தேன். திங்கள்கிழமை பட்ஜெட் நின்றுவிட்டதாக ஃபோன் வந்தது. அதனால்தான் எனக்கு இந்த விஷயத்தில் முதலாளிகள் மேல் அவ்வளவு சீக்கிரம் இரக்கம் வராது.

பழைய_மேவ்ஸ்:

@கேப்_கணக்கு, சாண்ட்லர் தேதி விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருஷமாக இரண்டையும் சேர்த்தே திட்டி வந்திருக்கிறேன்.

@பெஞ்ச்_ஓரம், புல்லக் கதையும் மோரிஸ் கதையும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று இதுவரை தோன்றவில்லை. அப்படிப் பார்த்தால் வெஸ்லி மேத்யூஸ் கதையும் இங்கே வர வேண்டும். அவரும் அதே கோடையில் டல்லாஸுக்குச் சரி சொன்னவர். குதிகால் தசைநாண் அறுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஜோர்டன் போனதும், “அணியே மாறிவிட்டது, வேண்டுமானால் நீங்களும் போகலாம்” என்று க்யூபன் சொன்னார். மேத்யூஸ் போகவில்லை. ஜோர்டனுக்கு வைத்த இடம் காலியாக இருந்ததால் 5.7 கோடியாகப் பேசியதை 7 கோடியாக்கிக் கொடுத்தார்கள். வாய்ச்சொல் கட்டுப்படுத்தும் என்ற விதி இருந்திருந்தால் மேத்யூஸுக்குப் பழைய 5.7 கோடிதான். இதை எழுதும்போதே என் கேள்வி கையில் உடைகிறது.

சரி, கட்டுப்படுத்த வேண்டாம். ஆனால் கையெழுத்துப் போடாதே என்று தடுப்பதும் லீக், அந்த நாட்களில் பேசிக்கொள் என்று அனுமதிப்பதும் லீக். நடுவே அப்போது எட்டு நாள் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உச்சவரம்பை முன்கூட்டியே சொல்லிவிட்டு, பேச்சு தொடங்கும் நாளிலேயே கையெழுத்தும் போடலாம் என்றால் என்ன குடிமுழுகும்? ‘சரி’ என்றால் அங்கேயே ஒற்றைப் பக்கத்தில் தொகையும் வருஷமும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். மருத்துவப் பரிசோதனைக்கு மட்டும் இரண்டு நாள் விட்டுவைக்கலாம்.

கேப்_கணக்கு:

இதை ஒப்புக்கொள்கிறேன். பாதி தூரம் வந்தும்விட்டார்கள். இப்போது ஜூன் 30 மாலை பேச்சு தொடங்கினால் ஜூலை 6 நண்பகலில் கையெழுத்து. சொந்த வீரர்களோடு இறுதிப்போட்டி முடிந்த மறுநாளே பேசலாம் என்று 2024 முதல் வந்திருக்கிறது. ஆறு நாள் இன்னும் அதிகம்தான்.

ஒற்றைப் பக்கம் நல்ல யோசனை. எழுத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 டிசம்பர். வாஷிங்டன், ஃபீனிக்ஸ், மெம்ஃபிஸ் மூன்றும் ஒரு வீரர் பரிமாற்றம் பேசி முடித்தன. செய்தியும் வெளியே வந்துவிட்டது. மெம்ஃபிஸ் தருவதாக நினைத்தது மார்ஷான் ப்ரூக்ஸை. ஃபீனிக்ஸ் வாங்குவதாக நினைத்தது டிலன் ப்ரூக்ஸை. நடுவில் நின்ற வாஷிங்டன் வழியாகவே பேச்சு நடந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. எல்லாம் கலைந்தது. எந்த ப்ரூக்ஸ் என்றுகூட வாயால் முடிவாகவில்லை, இதில் எதைக் கட்டுப்படுத்துவது?

மூணு_செகண்ட்:

அண்ணே, அந்தப் பத்து டிக்கெட் என்ன ஆயிற்று?

பழைய_மேவ்ஸ்:

எல்லாவற்றுக்கும் போனேன் தம்பி. நவம்பரில் கிளிப்பர்ஸ் வந்த ஆட்டமும் அதில் ஒன்று. ஜோர்டன் பந்தைத் தொட்டபோதெல்லாம் கத்தினோம். எங்கள் டர்க் நோவிட்ஸ்கி 31 புள்ளி போட்டார், ஜெயித்தோம். மறுநாள் தொண்டை கட்டி ஒரு அழைப்பில்கூடப் பேச முடியவில்லை.

2018இல் அவர் உண்மையாகவே டல்லாஸுக்கு வந்தார். இந்த முறை கையெழுத்தோடு, ஒரு வருஷத்துக்கு. 2019 ஜனவரி கடைசியில் போர்ஸிங்கிஸை வாங்கிய பரிமாற்றத்தில் நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டோம். அந்த சீசனில் என் பையன் அவர் பெயர் போட்ட ஜெர்சி கேட்டான். வேறு யார் பெயராவது சொல் என்றேன். எங்கள் இளம் நட்சத்திரம் லூக்கா டான்சிச் என்றான், வாங்கிக் கொடுத்தேன். அவரையும் 2025இல் லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்; அந்தக் கதையை இங்கே ஆரம்பிக்காதீர்கள்.