தழும்பு கெட்டியானால் முழங்கால் தளராதா?

பந்தாட்டன்: முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் கிழிந்து ஆறிய இடத்தில் விழும் தழும்பு பழையதைவிட உறுதியானது, ஆகவே மூட்டு தளரவே தளராது என்று வழிநடை நேற்று இம்மன்றத்தில் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. எனக்கு உட்பக்க லிகமென்ட் கிழிந்து ஓராண்டு கடந்துவிட்டது. இன்றும் படியிறங்கித் திரும்பினால் மூட்டின் உட்பக்கம் வாய் திறப்பதுபோல் விலகுகிறது. தளராது என்றால் இது என்ன?

வழிநடை: எனக்கும் அதே லிகமென்ட்தான் கிழிந்தது. ஆறு வாரம் மூட்டைத் தாங்கும் பிரேஸ் போட்டேன். பிறகு மருத்துவர் காலை நீட்டச் சொல்லிப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தபோது இம்மியும் அசையவில்லை. விரல் வைத்தால் கெட்டியான தடிப்பு தட்டுப்படுகிறது. கெட்டியானது எப்படித் தளரும்?

பந்தாட்டன்: காலை நீட்டியா பார்த்தார்? 30 பாகை மடக்கிப் பார்த்தாரா இல்லையா? நீட்டிய காலில் பின்புற மூட்டுறையும் மூட்டுக்குள் குறுக்காக ஓடும் சிலுவை லிகமென்டுகளும் சேர்ந்து தாங்கிக்கொள்வதால் உட்பக்க லிகமென்டின் தளர்வு மறைந்துவிடும். 30 பாகை மடக்கினால்தான் அது வெளிப்படும். தடிப்பை உறுதி என்று எண்ணாதீர்கள். தழும்பில் கொலாஜன் என்னும் புரதத்தின் மெல்லிய இழைகள் முதலில் தாறுமாறாகக் கிடந்து, இழுவிசை படப் படப் பல மாதங்களில்தான் வரிசைக்கு வருகின்றன. அப்போதும் பழைய தரத்தை எட்டாததால்தான் அது பருத்து நிற்கிறது.

சொல்லாயம்: லிகமென்ட் என்றே எழுதுகிறீர்களே, தமிழில் சொல் இல்லையா?

பந்தாட்டன்: தசைநார் என்று எழுதினால் பாதிப் பேர் தசையை எலும்போடு இணைப்பதை நினைக்கிறார்கள். நான் பேசுவது எலும்பை எலும்போடு பிணைப்பதை. சொல்லுக்குத் தனி விவாத இழை தொடங்குங்கள்.

சொல்லாயம்: மூட்டுநீர் விவாதத்திலும் இப்படித்தான் என்னை வெளியே அனுப்பினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

நடைபயிற்சி: முன் சிலுவை லிகமென்டை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மூட்டுக்குள் இருப்பதால், முனைகளை இணைக்க வேண்டிய இரத்தக்கட்டு மூட்டுநீரில் நிலைப்பதில்லை. பெரும்பாலும் அவை ஒட்டுவதும் இல்லை. சிலருக்கு அறுந்த முனை பின் சிலுவை லிகமென்டோடு தழும்பாக ஒட்டிக்கொண்டு, சோதிப்பவர் கைக்கு இறுக்கம்போலத் தோன்றும். தொடைத் தசைகள் வலுப்பெற்றால் தளர்வு இருந்தும் கால் நழுவாமல் நடப்பவர்கள் உண்டு.

வழிநடை: அதைத்தானே நானும் சொல்கிறேன்! என் கால் நழுவவில்லை.

பந்தாட்டன்: நழுவாதது வேறு, தளராதது வேறு. தசை தாங்குவதைத் தழும்பின் கணக்கில் எழுதாதீர்கள். 30 பாகையில் பார்த்தார்களா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வழிநடை: பாகைமானியோடு யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை. இரண்டாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறேன், எனக்கு அது போதும்.

பந்தாட்டன்: உங்களை நம்பி நாளைக்கே பிரேஸைக் கழற்றிவிட்டுக் களமிறங்கப் போகிறவருக்கு அது போதாது. 30 பாகை மடக்கிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.