ஃப்ரேம் லாக் மடக்குக் கத்தி: பூட்டு இறுகிக்கொள்கிறது, திருப்பி அனுப்பலாமா?

சாய்வுக்கோடு:
அன்றாடம் சட்டைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ வைத்துக்கொள்ள உயர்ரக மடக்குக் கத்தி ஒன்று வாங்கியிருக்கிறேன். டைட்டானியம் கைப்பிடி, ஃப்ரேம் லாக் (கைப்பிடித் தகட்டின் ஒரு பட்டையே உள்ளே நகர்ந்து, திறந்த அலகின் பின்புறத்தை முட்டி நிறுத்தும் பூட்டு), எஸ்35விஎன் எஃகு, அலகின் நீளம் 83 மி.மீ., எடை 118 கிராம். தயாரிப்பாளர் யார் என்பது இப்போது வேண்டாம். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும்.

கட்டைவிரலால் வேகமாகத் தள்ளித் திறந்தால் பூட்டு இறுகிப் பிடித்துக்கொள்கிறது. மூடுவதற்கு நகத்தின் ஓரம் வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கிறது. விடும்போது 'டிக்' என்று சத்தம் கேட்கிறது. சில நேரம் திறக்கவே மறுக்கிறது, அடுத்த நொடியே இலகுவாகத் திறக்கிறது. வந்த அன்று காகிதத்தைச் சத்தமில்லாமல் சீவிய வாய், நாலைந்து அட்டைப்பெட்டிகளை வெட்டியதும் காகிதத்தைக் கிழிக்கிறது. மூடியிருக்கும்போது அலகு நட்டநடுவில் இல்லை, பையில் மாட்டும் கிளிப் இருக்கும் பக்கமாக மயிரிழை சாய்ந்திருக்கிறது.

இவற்றில் எது உண்மையான குறை, எது பழகப் பழகச் சரியாகும்? அலகு சுழலும் அச்சின் திருகைக் கழற்றிப் பார்க்கலாமா?

சாணைக்கல்:
கழற்ற வேண்டாம். கழற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. திருப்பி அனுப்பும் எண்ணம் இருக்கும்வரை திருகில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

நீங்கள் சொன்னவற்றை நான் இப்படிப் பிரிப்பேன்: பூட்டு முதலில், மற்றதெல்லாம் பிறகு. மழுங்கிய வாயைத் தீட்டிக்கொள்ளலாம், அலகின் சாய்வைத் திருகில் சரிசெய்யலாம். பூட்டும் முகத்தின், அதாவது பூட்டு வந்து முட்டும் அலகின் பின்புறத்தின், கோணம் தவறாக வெட்டப்பட்டிருந்தால் அதை வீட்டில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது.

அலகைக் கட்டைவிரலால் தாங்கியபடி மெதுவாகத் திறந்து, பூட்டு தானாக விழுந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். பிறகு வழக்கம்போல வேகமாகத் திறந்து பாருங்கள். இரண்டிலும் பூட்டுப் பட்டை அலகின் பின்புறத்தில் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. இரண்டு முறையும் முதுகையும் வாய்ப்பக்கத்தையும் விரல்களால் பிடித்து மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பாருங்கள், வாயில் கை படாமல். பக்கவாட்டு ஆட்டம் வேறு, மேல்கீழ் ஆட்டம் வேறு. இரண்டாவது இருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

முதுகை மேசையில் அடித்துப் பார்க்கும் 'சோதனை' ஒன்றைச் சிலர் சொல்வார்கள். அது சோதனையல்ல, சேதாரம்.

மரத்தூள்:
சில நேரம் திறக்கிறது, சில நேரம் மறுக்கிறது என்றால் முதலில் உங்கள் பிடியைப் பாருங்கள். ஃப்ரேம் லாக்கில் கைப்பிடித் தகட்டின் ஒரு பகுதியே பூட்டுப் பட்டை. அதன் உட்புறத்தில் பதித்த சிறு பீங்கான் குண்டு, மூடிய நிலையில் அலகிலுள்ள குழியில் உட்கார்ந்து அது தானாகத் திறக்காமல் பிடித்துக்கொள்கிறது. வலக்கையால் திறக்கும்போது நடுவிரலும் மோதிர விரலும் சரியாக அந்தப் பட்டையின் மேல் போய்ப் படியும். இறுக்கிப் பிடித்தால் குண்டை நாமே குழிக்குள் அழுத்துகிறோம். கட்டைவிரல் எவ்வளவு தள்ளினாலும் அலகு நகராது. விரல் நுனிகளைக் கிளிப்பின் மேலோ கைப்பிடியின் ஓரத்திலோ வைத்துத் திறந்து பாருங்கள்.

இடக்கையாளி:
எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை. ஃப்ரேம் லாக்குகளில் பெரும்பாலானவை வலக்கைக்காரர்களுக்கென்றே செய்யப்படுபவை, மூடுவதற்குள் விரல் பின்னிக்கொள்ளும். ஆக்சிஸ் வகைக் குறுக்குக்கம்பிப் பூட்டுக்கு மாறியபின் நிம்மதி. இருபுறமும் இழுக்கலாம், விரல் அலகின் பாதையில் வராது. அதன் மெல்லிய கம்பிச்சுருள் எப்போதாவது உடையும் என்பார்கள். இரண்டு இருப்பதால் ஒன்று போனாலும் பூட்டு உடனே கைவிடாது.

எஃகுப்பித்தன்:
எஃகைக் குறை சொல்லிவிடாதீர்கள். எஸ்35விஎன் 2009-இல் குரூசிபிள் நிறுவனம் கத்தித் தயாரிப்பாளர் கிறிஸ் ரீவின் ஆலோசனையோடு கொண்டுவந்தது. முந்தைய எஸ்30வி-யைவிடச் சில்லு தெறிக்காத தன்மை கூடுதல், தீட்டுவதும் சற்று எளிது. லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-இல் வந்த மேக்னாகட் எஃகு துருவுக்கும் உறுதிக்கும் ஒருபடி மேல் என்பது உண்மைதான், ஆனால் நாலைந்து அட்டைப்பெட்டியில் மழுங்கியதற்கு எஃகின் பெயர் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஆலையில் அதிவேகப் பட்டையில் வாய் பிடிக்கும்போது நுனியின் மெல்லிய ஓரம் சூடேறி, பதம் இறங்கிவிடுவது உண்டு. இல்லையென்றால் தீட்டும்போது ஓரத்தில் எழும் உலோகப் பிசிறு முழுவதும் நீக்கப்படாமல் நின்றிருக்கும். முதல் நாள் அபாரமாக வெட்டி, மறுநாள் அந்தப் பிசிறு மடங்கியதும் மொக்கையாகிவிடும். விளக்கொளிக்கு நேராக வாயை மேல்நோக்கிப் பிடியுங்கள். நல்ல வாய் ஒளியைத் திருப்பாது. எங்கேயாவது வெள்ளிக் கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. ஓரிரு முறை தீட்டியபின்தான் அந்த எஃகின் உண்மையான குணம் தெரியும். வனேடியம் கார்பைடு என்னும் மிகக் கடினமான துகள்கள் உள்ள எஃகு என்பதால் வைரத்தூள் பதித்த கல் வேலையை விரைவாக முடிக்கும்.

இன்னொன்று கேட்க வேண்டும். வாயின் சாய்வு தொடங்கும் இடத்தில் அலகின் தடிமன் எவ்வளவு? காலிப்பர் இருந்தால் அளந்து சொல்லுங்கள்.

சாய்வுக்கோடு:
எல்லோருக்கும் நன்றி. விரலைக் கிளிப்பின் மேல் வைத்ததும் திறப்பதில் இருந்த தகராறு தீர்ந்துவிட்டது, மரத்தூள். அந்தப் புகாரை விலக்கிக்கொள்கிறேன்.

பூட்டு விஷயம் அப்படி முடியவில்லை. மெதுவாகத் திறந்தால் பட்டை கால் பங்குகூட உள்ளே போகவில்லை. அப்போது மேலும் கீழும் அசைத்தால் மிகச் சிறிய ஆட்டம், கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிகிறது. வேகமாகத் திறந்தால் பட்டை பாதியைத் தாண்டிப் போய் இறுகுகிறது. ஆட்டம் இல்லை, ஆனால் விடுவிக்கப் போராட வேண்டும். பென்சில் கரியைத் தேய்த்தால் இறுக்கம் போய்விடும் என்று படித்துத் தேய்த்தேன். அன்று நன்றாக இருந்தது, மறுநாள் பழைய கதை.

வாயின் சாய்வுக்குப் பின்னே தடிமன் 0.75 மி.மீ. வாயில் அடிப்பகுதியை ஒட்டி ஒரு வெள்ளிக் கோடு தெரிகிறது.

எஃகுப்பித்தன்:
0.75 என்பது தடிமன் அதிகம்தான். 0.4 முதல் 0.5 வரை இருந்தால் அட்டைக்குள் இழுத்துக்கொண்டு போகும். இந்தத் தடிமனில் பக்கத்துக்கு 20 பாகை வைத்துத் தீட்டினாலே சாய்வின் அகலம் ஒரு மி.மீட்டரைத் தாண்டும், 15 பாகைக்கு இறக்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை. வாய் எவ்வளவு கூராக இருந்தாலும் பின்னால் வரும் தோள் அட்டையில் இடித்து நிற்கும். வெட்டுவது முதலில் வடிவம், பிறகுதான் எஃகு.

மரத்தூள்:
இதைத்தான் பல நாளாகச் சொல்லி வருகிறேன். ஓப்பினெல் நிறுவனம் 1890 முதல் மரக்கைப்பிடி வைத்த மடக்குக் கத்தி செய்கிறது. 1955-இல் அச்சுக்கு மேல் ஒரு சுழல் வளையத்தைப் பூட்டாகச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அலகு மெல்லியது, வளையத்தைத் திருப்பினால் பூட்டு. டைட்டானியமும் பேரிங்கும் இல்லாமலே அட்டையில் இவற்றைத் தோற்கடிக்கும். உயர்ரகம் என்பது பாதி நகை வியாபாரம்.

சாணைக்கல்:
ஒரு கையில் பொருளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், மரத்தூள். அதோடு மழையில் மரம் ஊறினால் அச்சு இறுகி அலகு நகராது. எளிய கத்தி நன்றாக வெட்டும் என்பதை மறுக்கவில்லை. கூடுதல் பணம் வெட்டுவதற்காகப் போவதில்லை. பாகங்கள் நுண்ணளவில் பொருந்துவதற்காகவும், பல ஆண்டு கழித்தும் கழற்றித் துடைத்து அதே இடத்தில் மாட்ட முடிவதற்காகவும், பழுது பார்த்துத் தரும் ஆள் இருப்பதற்காகவும் போகிறது. அந்தப் பொருத்தமே இல்லாவிட்டால் எதற்குக் கொடுத்தோம்?

அதனால் சாய்வுக்கோடு, உங்களுக்கு என் பதில்: திருப்பி அனுப்புங்கள். டைட்டானியம் பதமேற்றிய எஃகைவிட மென்மையானது, உராயும்போது அதோடு ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. அதனால் புதுக் கத்தியில் சிறிது இறுக்கம் இயல்பே. அதைத் தடுக்கத்தான் பலர் பூட்டு முனையில் எஃகுத் துண்டு பதிக்கிறார்கள், செபென்சா 31 என்ற கத்தியில் தொடுமிடத்திலேயே பீங்கான் குண்டு வைத்திருக்கிறார்கள். வெறும் இறுக்கம் மட்டும் என்றால் பழக விடுங்கள் என்றிருப்பேன். உங்களுடையதில் மெதுவாகத் திறந்தால் ஆட்டம், வேகமாகத் திறந்தால் இறுக்கம். முகம் சரியான கோணத்தில் உட்காரவில்லை என்றுதான் அதற்குப் பொருள். தேயத் தேய ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. அலகின் சாய்வைப் புகாரில் எழுத வேண்டாம். கைப்பிடித் தகட்டில் உரசாதவரை அது அழகுப் பிரச்சினை, முக்கியமானது நடுவே தொலைந்துபோகும்.

இடக்கையாளி:
மாற்றுக் கத்தி கேட்கும் முன் எடையையும் யோசியுங்கள். 118 கிராம் மெல்லிய துணிக் கால்சட்டையில் ஒரு பக்கமாக இழுக்கும். 52 கிராம் அளவிலான பக்அவுட் என்ற கத்தியைப் பையில் வைத்திருப்பதே எனக்கு மறந்துவிடும். பூட்டுள்ள கத்தி, ஒரு கையால் திறக்கும் கத்தி ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் தனிச் சட்டம் உண்டு. வாங்குமுன் உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் வேண்டவே வேண்டாம்.

சாய்வுக்கோடு:
திருப்பி அனுப்புவதாக முடிவு செய்துவிட்டேன். மாற்றாக அதே வடிவத்தைத்தான் கேட்கப் போகிறேன், கைக்கு அந்தப் பிடி பிடித்துவிட்டது. வாயைத் தீட்டி அனுப்பலாமா, அப்படியே அனுப்பலாமா?

சாணைக்கல்:
அப்படியே அனுப்புங்கள். கல் பட்ட கத்தியைப் பயன்படுத்தியது என்று திருப்பிவிட வாய்ப்பிருக்கிறது. பென்சில் கரியை ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் சோதிக்கும்போது பூட்டு ஒழுங்காக விடுபடும், குறையே இல்லை என்று எழுதிவிடுவார்கள். மெதுவாகத் திறந்து அசைப்பதையும் வேகமாகத் திறந்து மூடப் போராடுவதையும் ஒரே காணொளியில் எடுத்து அனுப்புங்கள். மூடிய அலகு பயணத்தில் திறக்காதபடி நாடாவால் கட்டிவிடுங்கள். மாற்றுக் கத்தி வந்ததும் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு முதலில் மெதுவாகத் திறந்து பாருங்கள், காகிதம் வெட்டுவதெல்லாம் பிறகு.