2018 பிஎஸ்4 125: என்ஜின் பிரிக்கவா, புது எஃப்ஐ வண்டி எடுக்கவா? (மீன் பெட்டி ஓட்டம், குளச்சல்)

குளச்சல்_125
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2018 மாடல் பைக், பிஎஸ்4 (பழைய புகை விதி), கார்ப்பு (கார்புரேட்டர்) வச்சது, 125 சிசி. 71,000 கிமீ ஓடியிருக்கு. விடியக்காலம் துறையில மீன் பெட்டி ஏத்தி திங்கள்சந்தை, தக்கலை சுத்தி வர தினமும் 45 கிமீ. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது நீலப்புகை வருது, ரெண்டு நிமிஷத்துல நின்னுடும். 1,000 கிமீக்கு 150 மில்லி ஆயில் குறையுது. போர் கிட் (சிலிண்டர், பிஸ்டன், ரிங்) மாத்தணும், 9,000 ஆகும்னு மெக்கானிக் சொல்லுதார். அந்தக் காசை முன்பணமாப் போட்டு புது மாடல் எடுத்தா என்னன்னு வீட்ல கேக்காங்க. ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதம் ஆனதுல விலையும் இறங்கியிருக்கு. ஆனா எஃப்ஐ வண்டி (கார்ப்புக்குப் பதிலா சென்சார் பாத்து பெட்ரோல் பீச்சுறது) உப்புக்காத்துக்குத் தாங்காது, சென்சார் போயிடும்னு துறையில சொல்லுதாங்க. எது சரி?

தக்கலை_ஸ்பேனர்
அண்ணே, போர்ல கை வைக்க விடாதீங்க. ஸ்டார்ட்ல மட்டும் புகைஞ்சு நின்னா பெரும்பாலும் வால்வு ஆயில் சீல்தான். ராத்திரி வண்டி நிக்கும்போது ஹெட்ல தங்கின ஆயில் வால்வு தண்டு வழியா இறங்கி, காலையில எரியுது. ரிங் போயிருந்தா ஏத்தத்துல முறுக்கும்போதும் புகை வரும்.

முதல்ல கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) பாக்கச் சொல்லுங்க. என்ஜின் சூடானதும் பிளக்கைக் கழட்டி கேஜ் மாட்டணும். ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, முள்ளு மேல ஏறாம நிக்கிற வரைக்கும் கிக்கர் அடிக்கணும். சர்வீஸ் மேனுவல்ல உள்ள அளவைவிடக் குறைஞ்சா, பிளக் ஓட்டையில 5 மில்லி என்ஜின் ஆயில் விட்டு திரும்பப் பாருங்க. இப்ப ஏறினா ரிங், போர். ஏறலைன்னா வால்வு சரியா உக்காரல. முதல் தடவையே அளவு சரியா வந்தா ரெண்டு சீலும் ஹெட் கேஸ்கட்டும் போதும். ஹெட்டைத் திறந்த கையோட வால்வு தண்டை ஆட்டிப் பாக்கணும். கைடு (வால்வு தண்டு ஓடுற குழாய்) தேஞ்சிருந்தா புது சீலும் சீக்கிரம் போயிடும்.

முட்டம்_கரை
என்ஜின் கணக்கு அப்புறம். மீன் வண்டியில முதல்ல போறது இரும்புதான். ஐஸ் உருகின உப்புத் தண்ணி பெட்டி ஓரமா ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்குற இரும்புக் கை) மேல சொட்டிக்கிட்டே இருக்கும். ஸ்குரூ டிரைவர் பிடியால ஸ்விங் ஆர்ம், ஷாக் கீழ் போல்ட் பக்கம், சேசிஸ் அடிப்பைப், கேரியர் வெல்டு எல்லாம் தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா நல்லது. சத்தம் அடங்கி, துரு அப்பளம் மாதிரி ஏடு ஏடா உதிர்ந்தா உள்ளுக்குள்ள அரிச்சாச்சு. சேசிஸ்ல அப்படி இருந்தா சீல் செலவுகூட வீண். அந்த வண்டியில லோடு ஏத்தவே கூடாது.

மார்த்தாண்டம்_வயரிங்
எஃப்ஐ பத்தி துறையில சொல்லுறது பாதிதான் சரி. சென்சாரைவிட அதுக்குப் போற கனெக்டர்தான் அதிகம் கெடும். பின்னு பச்சை பூத்ததும் என்ஜின் லைட் எரியும், சிலர் நல்ல சென்சாரைக் கழட்டி எறிஞ்சிடுவாங்க. பேட்டரி நெகட்டிவை எடுத்துட்டு கனெக்டரைப் பிரிச்சு, காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, நல்லாக் காய விட்டு, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் லேசாத் தடவுங்க. நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, அதனால இடவப்பாதிக்கு (ஜூன் மழை) முன்ன ஒருதடவை, ஐப்பசிக்கு முன்ன ஒருதடவை.

புது வண்டி எடுத்தா உங்க ஓட்டத்துக்கு அதிகம் தொந்தரவு தரப்போறது சைடு ஸ்டாண்டு சுவிட்ச், ஸ்டாண்டு கீழ இருந்தா வண்டியை ஓட விடாம தடுக்கிறது. ஸ்டாண்டைத் தூக்கியும் மீட்டர்ல ஸ்டாண்டு விளக்கு அணையலைன்னா உப்புச் சேறு புகுந்திருக்கு. தினமும் கடைசி வீடு முடிஞ்சதும் ஒரு குடம் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க. பிரஷர் வாட்டர் கனெக்டர் மேல அடிக்கக் கூடாது.

பேட்டரி, நின்ன வண்டியில 12.4 வோல்ட்டுக்குக் கீழ போனா சார்ஜ் போடுங்க. அடியோட இறங்கினா பல எஃப்ஐ மாடல்ல பெட்ரோல் பம்பு ஓடாது, தள்ளினாலும் பிடிக்காது. சில புது மாடல்ல கிக்கரே கிடையாது, கடையில பாத்துக்கிடுங்க.

புதுசு எடுத்தா, மாடல் வந்து ஒரு வருஷம் ஆனதை எடுங்க. முதல் மாசங்கள்ல வர்ற வண்டியிலதான் குறை தெரியவரும். சியாம் (வண்டிக் கம்பெனிகள் சங்கம்) இணையதளத்துல ரீகால் (குறைக்காகக் கம்பெனி திரும்பக் கூப்பிடுறது) இருக்கான்னு பாக்கலாம். பழசையே வச்சுக்கிட்டா இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலை மறக்காதீங்க. அது ஈரத்தை இழுக்கும். மாசம் ஒருக்கா கார்ப்பு கிண்ணத்து டிரெய்ன் ஸ்குரூவைத் திறந்து விடுங்க. பெட்ரோல் ஓஸ், கிண்ணத்து ஓ-ரிங் ரெண்டையும் இப்பவே மாத்திடுங்க.

குளச்சல்_125
கம்ப்ரஷன் சரியா இருக்கு, கைடும் ஆடல. சேசிஸ் கணீர்னு கேக்குது. ஆனா ஸ்விங் ஆர்ம் இடது வெல்டு ஓரம் ஏடு உதிருது. வெல்டு வச்சா போதுமா?

முட்டம்_கரை
அரிச்ச இரும்புல வெல்டு பிடிக்காது, பக்கத்துலயே கிழியும். ஸ்விங் ஆர்ம் தனியாக் கிடைக்கும். பிவட் போல்ட், புஷ் எல்லாம் சேர்த்து மாத்துங்க, போல்ட்டுக்கு கிரீஸ் வச்சு ஏத்தணும். சீலும் இதுவும் சேர்ந்தாலும் புது வண்டி விலைக்குப் பக்கத்துல வராது, இப்ப வாங்க வேண்டாம். பெட்டிக்கு அடியில டிரே வச்சு, மூலையில ஓட்டை போட்டு ஓஸைக் கீழே இறக்குங்க. ஓஸ் வாய் டயருக்கும் செயினுக்கும் வெளியே, தரையைப் பாத்து இருக்கணும். டயர்ல சொட்டினா வளைவுல சறுக்கும்.