வெள்ளவத்தையில் 22க்கு 18 அடி பின்வளவு: காடு மாதிரி அடர்த்தியாகத் தோட்டம் வைக்க முடியுமா?

பின்வளவு22:
காலி வீதிக்குக் கடல் பக்கமாக வீடு. பின்வளவு கிழக்கு மேற்காக 22 அடி, வடக்குத் தெற்காக 18 அடி. மூன்று பக்கமும் 7 அடி மதில், வடக்கில் குசினிச் சுவர். கிழக்கில் அடுத்த காணியில் நாலு மாடிக் கட்டடம் இருப்பதால் பத்தரைக்குப் பிறகுதான் வெயில். மண் வெறும் மணல், ஆனாலும் மழைக்குத் தென்கிழக்கு மூலையில் இரண்டு மணித்தியாலம் தண்ணீர் நிற்கிறது. ஹெலிகோனியா (வாழை மாதிரி இலையும் நிறப் பூமடலும் உள்ள செடி), பன்னம், பெரிய இலைச் செடிகள் என்று நெருக்கமாக வர வேண்டும். மேசன் பாஸ் இரண்டு கியூப் (200 கன அடி) சிவப்பு மண் கொட்டச் சொல்கிறார். சரிவருமா? மதிலோரம் மூங்கில் வைக்கலாமா?

அலவாங்கு:
சிவப்பு மண்ணை நிறுத்துங்கள். லொறியில் வருவது அநேகமாகக் கபுக் மண் (செம்பாறை உடைந்த மண்), பள்ளம் நிரப்பத்தான் அது உதவும். மணலுக்கு மேல் அதைக் கொட்டினால் இரண்டும் கலக்காமல் படையாக நிற்கும். மேலே சேறு, கீழே மணல். வேர் அந்த எல்லையிலேயே நின்றுவிடும்.

கடற்கரை மணலில் தண்ணீர் நிற்கவே கூடாது. நின்றால், வீடு கட்டிய காலத்தில் கொட்டிய சீமெந்துக் கலவையும் ஓட்டுத் துண்டும் அந்த மூலையில் புதைந்து கிடக்கும். அலவாங்கால் குத்திப் பாருங்கள், 'டங்' என்று கேட்கும். அதை ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி வெளியே எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சீமெந்துக் கழிவு மண்ணில் சுண்ணாம்புத் தன்மையையும் கூட்டும். அதனால்தான் எக்ஸோரா மாதிரிச் செடிகளில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் போகிறது. அது இரும்புச்சத்தை எடுக்க முடியாத குறை, யூரியா போட்டுத் தீராது.

பிறகு ஒரு அடிக்கு ஒரு அடி குழி வெட்டி, நீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்பி அளவுகோலை வைத்துப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு ஒரு அங்குலம்கூட இறங்காவிட்டால்தான் குழாய் வேலை: துளையிட்ட 4 அங்குல பிவிசி, துளை கீழ்ப்பக்கமாக, 8 அடிக்கு ஒரு அங்குலச் சரிவு, சுற்றிவர முக்கால் அங்குலக் கல், அதன் மேல் வடிதுணி. போய்ச் சேர வேண்டியது மழைநீர்க் கானுக்கு. கழிவுநீர்க் குழாயில் கொண்டுபோய்க் கொழுவாதீர்கள்.

தெற்கு மதிலோடு 22க்கு 5 அடிப் பாத்தி, கிழக்கு மதிலோடு மீதி 13க்கு 3 அடி என்று வைத்தால் ஏறக்குறைய 150 சதுர அடி. அதன்மேல் 3 அங்குலம் கொம்போஸ்ட் பரப்ப 1000 லீற்றருக்குச் சற்றுக் கூடத் தேவை. 5 கிலோ தும்புத்தூள் கட்டி நாலு சேர்த்து, 10 அங்குல ஆழம்வரை கொத்திக் கலக்குங்கள். தும்புத்தூளை ஊறவைத்து மூன்று தரம் பிழிந்து கழுவாவிட்டால் அதில் இருக்கும் உப்பு இலை ஓரத்தைக் கருக்கும். கடல் காற்றென்று நினைத்து ஏமாறுவீர்கள்.

மதிலில் மண்ணை முட்டுக்கொடுத்துக் குவிக்க வேண்டாம். ஈர மண்ணின் பாரம் ஒற்றைக் கல் மதிலைத் தள்ளும்.

நிழற்செடி:
மண் பற்றி மேலே சொன்னது போதும். உங்கள் காணியில் முதலில் பார்க்க வேண்டியது வெயில் விழும் இடம்.

கொழும்பில் ஏப்ரல் முதல் வாரமும் செப்டெம்பர் முதல் வாரமும் சூரியன் நேர் உச்சியில். டிசம்பரில் தெற்கே சாய்ந்துவிடும், அப்போது உங்கள் தெற்கு மதிலின் நிழல் நண்பகலிலேயே 4 அடிக்கு விழும். அதாவது அந்த 5 அடிப் பாத்தியில் முன்வரிசையைத் தவிர மற்றெல்லாம் மாரியில் நிழல். பின்னேர வெயில் முழுக்கக் கிழக்கு மதிலில் படும். அதனால் ஹெலிகோனியா கிழக்கில், நிழல் தாங்குவது தெற்கில்.

கிழக்குக் கீற்றுக்கு 3 முதல் 5 அடி உயரம் வரும் சிறிய ஹெலிகோனியா போதும். 2 அடி இடைவெளியில் இரண்டு வரிசை, 12 கிழங்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு முளையாவது இருக்க வேண்டும், 3 அங்குலத்துக்கு மேல் புதைக்காதீர்கள். பாத்தி விளிம்பில் தடித்த பிளாஸ்டிக் தகட்டை ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்கி 2 அங்குலம் மேலே தெரிய விடுங்கள். இல்லாவிட்டால் கிழங்கு ஓடி மறுபக்கம் முளைக்கும். ஒரு தண்டு ஒருதரம்தான் பூக்கும். பூத்து முடிந்ததை நிலத்தோடு வெட்டினால்தான் புதுக் குருத்துக்கு இடமும் வெளிச்சமும் கிடைக்கும். பலர் வெட்டாமல் விட்டுவிட்டுப் பூ வரவில்லை என்கிறார்கள்.

தெற்கில் பின்வரிசைக்கு அரிக்கா பாம் இரண்டு குத்து, 7 அடி தள்ளி. நர்சரிச் சாடியில் எட்டுப் பத்துக் கன்று சேர்ந்தே இருக்கும், பிரிக்காமல் அப்படியே வையுங்கள், வேர் உடைந்தால் பாதி செத்துவிடும். நடுவில் வரி இலை அல்பீனியா (இஞ்சிக் குடும்பம்) மூன்று, அலோகேசியா (சேம்பு மாதிரிப் பெரிய இலை) மூன்று. முன்னால் பறவைக்கூட்டுப் பன்னமும் ஸ்பாதிபில்லமும். பன்னத்தின் நடுக் குருத்து மண்ணுக்குள் போனால் அழுகும். பொச்சுமட்டை மேல் சற்றே உயர்த்தி இருத்துங்கள். குசினிக் கதவடியில் ஒரு ரம்பை, அரை நிழலிலும் நன்றாக வரும், சோற்றுக்கும் ஆகும்.

மூங்கில் வேண்டாம். மஞ்சள் மூங்கில் குத்தாக நிற்கும் இனம்தான், ஆனாலும் 30 அடிக்கு மேல் போகும், சருகு கானை அடைக்கும்.

பத்தரமுல்லைப் பக்கம் நர்சரிக்குப் போனால் வகைக்கு ஒன்றாக இருபது வாங்காமல் எட்டு வகையோடு நில்லுங்கள். சின்ன இடத்தில் ஒரே செடி ஐந்தாறு சேர்ந்து நின்றால்தான் அடர்த்தி தெரியும். வேண்டுமானால் மதிலில் புரோமிலியாட் (அன்னாசிக் குடும்பத்துச் செடி) கட்டலாம்.

நுளம்பு_எதிரி:
புரோமிலியாட்டை எடுத்துவிடுங்கள். இலைக் கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும், டெங்கு நுளம்புக்கு அது தொட்டில். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் இருக்கிறது, பொறுப்பு காணிச் சொந்தக்காரருக்கோ அங்கே குடியிருப்பவருக்கோதான்.

ஹெலிகோனியாவிலும் கவனம். பூ கீழ்நோக்கித் தொங்கும் இனத்தில் தண்ணீர் தங்காது. நிமிர்ந்து நிற்கும் பெரிய இனத்தின் பூமடல் ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தோணி, விரலால் சரித்துப் பாருங்கள், நீர் ஊற்றும். அலோகேசியா மடல் கக்கமும் அப்படித்தான். முட்டை நுளம்பாக ஒரு கிழமையளவு போதும், ஆகையால் ஐந்து நாளுக்கு ஒருதரம் ஹோஸால் பீச்சி அடித்துக் கழுவுங்கள். சாடித் தட்டுகளில் மணல் நிரப்புங்கள், அல்லது தட்டே வேண்டாம்.

சருகு மூடாக்கு 2 அங்குலம் நல்லதுதான், ஆனால் குசினிச் சுவரிலிருந்து 9 அங்குலம் தள்ளி. ஒட்டிக் கிடந்தால் கறையான் சுவருக்கு ஏறும். ஆபிரிக்க நத்தையை இரவு எட்டு மணிக்குப் பிறகு ரோச் அடித்துப் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், அதில் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். உப்புத் தூவினால் பாத்திதான் கெடும். மூடாக்கைப் புரட்டினால் மிளகளவில் வெளிர் மஞ்சள் முட்டைக் குவியல் தெரியும், அதை நசுக்குவது நத்தையைத் தேடுவதைவிட இலேசு.

பின்வளவு22:
நன்றி. கபுக் மண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போதே நடலாமா, ஒக்டோபர் மழை வரை பொறுக்கவா?

அலவாங்கு:
தோண்டும் வேலையை இப்போதே முடியுங்கள், கலந்த மண் ஒரு மாதம் அமரட்டும். கடல் காற்று பலமாக வீசும் மாதங்களில் மெல்லிய இலை கிழிந்துவிடும், ஆகவே ஹெலிகோனியாவை செப்டெம்பர் கடைசியில் வையுங்கள். பாம் இரண்டையும் முன்னரே வைத்துவிடலாம், தடிக்குக் கட்டி. தை, மாசியில் மணல் ஒரே நாளில் காய்ந்துவிடும், ஒன்றுவிட்ட ஒருநாள் ஊற்றத் தயாராக இருங்கள்.