மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகிறது, எந்த எண்ணை நம்புவது?

கடைசிபெஞ்ச்_மெக்

வணக்கம். மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்ட்டுக்காக ஒரு சின்னக் கம்பெனியில் எல் வடிவ பிராக்கெட் ஒன்றைக் கொடுத்து, தாங்குமா என்று பார்க்கச் சொன்னார்கள். 8 மி.மீ. மைல்டு ஸ்டீல் பிளேட், 50 மி.மீ. அகலம். ஒரு கால் சுவரை ஒட்டி மேலே போகிறது, இன்னொரு கால் அலமாரிப் பலகை மாதிரி உள்மூலையிலிருந்து 80 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நுனியில் 600 நியூட்டன், அதாவது சுமார் 60 கிலோ தொங்குகிறது. சுவர்ப் பக்க முகம் முழுவதையும் ஃபிக்ஸ் செய்துவிட்டு (நகராது என்று வைத்து) ஃபைனைட் எலிமென்ட் சாஃப்ட்வேரில் ஓட்டினேன். மெஷ் சைஸை, அதாவது சாஃப்ட்வேர் பிராக்கெட்டைப் பிரிக்கும் சின்னத் துண்டுகளின் அளவை, ஒவ்வொரு தடவையும் பாதியாக்கினேன்:

4 மி.மீ.: நுனி இறக்கம் 0.268 மி.மீ., அதிகபட்ச ஸ்ட்ரெஸ் (ஒரு சதுர மி.மீ.க்கு எத்தனை நியூட்டன் விசை என்பது) 117 மெகாபாஸ்கல்
2 மி.மீ.: 0.274, 156
1 மி.மீ.: 0.276, 212
0.5 மி.மீ.: 0.277, 290

பிளேட்டின் யீல்டு, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் ஸ்ட்ரெஸ், 250. அப்படியென்றால் 4 மி.மீ. மெஷ்ஷில் பிராக்கெட் பாஸ், 0.5 மி.மீ. மெஷ்ஷில் ஃபெயில்! அங்கிருக்கும் சீனியர் ஒருவர் "4-லயே விட்டுடு, அதான் பாஸ் ஆகுதுல்ல" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. உண்மையைச் சொன்னால், எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்று தெரியுமே தவிர, உள்ளே ஃபைனைட் எலிமென்ட் என்ன செய்கிறது என்று தெரியாது. பரீட்சைக்கு மேட்ரிக்ஸை மனப்பாடம் செய்து எழுதியதோடு சரி. யாராவது அடியிலிருந்து சொல்ல முடியுமா?

பட்டறை_மணி

தம்பி, கணக்கெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள், நான் ஒன்றுதான் கேட்கிறேன். இந்த பிராக்கெட்டை எப்படிச் செய்கிறார்கள்? பிளேட்டை பிரஸ் பிரேக்கில் (தகடு மடிக்கும் எந்திரம்) வளைக்கிறார்களா, இல்லை இரண்டு துண்டை வெல்டு அடிக்கிறார்களா? உன் மாடலில் உள்மூலை கத்தி மாதிரி கூர்மையாக இருக்கிறதா? 8 மி.மீ. பிளேட்டை வளைத்தால் உள்பக்கம் கூர் மூலை வரவே வராது, குறைந்தது பிளேட் தடிமன் அளவுக்காவது ரேடியஸ் விட்டுத்தான் வளைப்போம், இல்லாவிட்டால் வெளிப்பக்கம் கீறல் விடும். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்.

இன்னொன்று. மெஷ் போடுவதற்கு முன் பேப்பரில் ஒரு வரிக் கணக்குப் போட்டாயா? 600 × 80 = 48,000 நியூட்டன் மி.மீ. மொமென்ட் (பிளேட்டை வளைக்கும் திருப்பம்). செக்‌ஷன் மாடுலஸ் (வளைவைத் தாங்க குறுக்குவெட்டுக்கு உள்ள பலத்தின் அளவு) 50 × 8 × 8 ÷ 6 = 533. வகுத்தால் 90 மெகாபாஸ்கல். இந்த 90 கையில் இருந்திருந்தால் 290-ஐப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கும்.

விறைப்பணி

மணி அண்ணன் கேட்டது சரியான கேள்வி. நான் "உள்ளே என்ன நடக்கிறது" என்பதற்கு வருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்.

பிராக்கெட்டை ஓரமாக வை. ஒரு மீட்டர் நீளக் கம்பி ஒன்று, மேலே கெட்டியாகப் பிடித்திருக்கிறது. மேல்முனையில் குறுக்குப் பரப்பு 200 சதுர மி.மீ., சீராகக் குறைந்துகொண்டே வந்து நுனியில் 100. நுனியை 10,000 நியூட்டன் கொண்டு இழுக்கிறோம். ஸ்டீல்தான், யங் மாடுலஸ் சதுர மி.மீ.க்கு 2 லட்சம் நியூட்டன். எவ்வளவு நீளும்? இன்டெக்ரேட் செய்தால் சரியான விடை 0.3466 மி.மீ. இதை மனதில் வைத்துக்கொள்.

இப்போது இன்டெக்ரேஷன் தெரியாத ஆள் மாதிரி யோசி. கம்பி முழுக்க சராசரிப் பரப்பு 150 என்று வைத்தால் 0.3333 வருகிறது. பரவாயில்லை, ஆனால் கிட்டத்தட்ட 4 சதவீதம் குறைவு. சரி, நடுவில் வெட்டி இரண்டு துண்டாக்குவோம். மேல்துண்டின் சராசரி 175, கீழ்த்துண்டின் சராசரி 125. ஒவ்வொரு துண்டும் இப்போது ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் விறைப்பு என்பது பரப்பு × மாடுலஸ் ÷ நீளம். மேல்துண்டு மி.மீ.க்கு 70,000 நியூட்டன், கீழ்த்துண்டு 50,000.

துண்டுதான் எலிமென்ட். துண்டுகள் சேரும் புள்ளிதான் நோட். மொத்தம் மூன்று நோட், மேலே உள்ளது நகராது, மிச்சம் இரண்டு. நடு நோட்டில் நாம் எதையும் தொங்கவிடவில்லை, ஆனால் இரண்டு ஸ்பிரிங்கும் அதைப் பிடித்து இழுக்கின்றன. அதனால் நடு நோட்டின் நகர்வு 'அ', நுனி நோட்டின் நகர்வு 'ஆ' என்றால்:

1,20,000 அ − 50,000 ஆ = 0
−50,000 அ + 50,000 ஆ = 10,000

அந்த 1,20,000 எங்கிருந்து வந்தது என்று பார். 70,000 + 50,000. இந்தக் கூட்டலுக்குத்தான் அசெம்ப்ளி என்று பெரிய பெயர். நீ மனப்பாடம் செய்த மேட்ரிக்ஸ் இதுதான். மேல் நோட்டை நகராது என்று நீக்கினோமே, அது பவுண்டரி கண்டிஷன். அதை நீக்காமல் விட்டால் கம்பி அந்தரத்தில் மிதக்கும், சமன்பாட்டைத் தீர்க்கும் சால்வர், மேட்ரிக்ஸ் சிங்குலர் (ஒரே விடை கிடையாது) என்று கத்தும். தீர்த்தால் அ = 0.1429, ஆ = 0.3429. பிழை ஒரு சதவீதம்தான். நான்கு துண்டாக வெட்டி நீயே போட்டுப் பார், விடையைச் சொல்ல மாட்டேன்.

உன் பிராக்கெட்டில் நடப்பதும் இதேதான், என்ன, கம்பித்துண்டுக்குப் பதில் நான்முகித் துண்டுகள், இரண்டு சமன்பாட்டுக்குப் பதில் லட்சக்கணக்கில் சமன்பாடுகள். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் நகர்வு ஒரு நேர்கோடு மாதிரியோ பரவளையம் மாதிரியோ மாறுகிறது என்று நாம் முன்கூட்டியே அனுமானித்துக்கொள்கிறோம். ஷேப் ஃபங்ஷன் என்பது அந்த அனுமானம்தான். உண்மையான இரும்பு தன் இஷ்டத்துக்கு வளையும், நம் மாடலோ நாம் அனுமதித்த வடிவங்களில் மட்டும்தான் வளைய முடியும். கையைக் கட்டிப்போட்ட மாதிரி. அதனால் மாடல் பொதுவாக நிஜத்தைவிடக் கொஞ்சம் விறைப்பு. கம்பியில் 0.3333, 0.3429 என்று கீழிருந்து ஏறியது, உன் பிராக்கெட்டும் 0.268, 0.274, 0.276, 0.277 என்று கீழிருந்தே ஏறி அடங்குகிறது. உன் நுனி இறக்கம் நல்ல பிள்ளை, அதை நம்பலாம்.

இனிதான் வில்லங்கம். கம்பி நுனியில் உண்மையான ஸ்ட்ரெஸ் 10,000 ÷ 100 = 100. நம் இரண்டு துண்டு மாடல் கீழ்த்துண்டு முழுக்க 10,000 ÷ 125 = 80 என்கிறது. அதாவது நகர்வில் ஒரு சதவீதம்தான் பிழை, நுனி ஸ்ட்ரெஸ்ஸிலோ 20 சதவீதம்! நடு நோட்டில் இன்னும் வேடிக்கை, மேல்துண்டைக் கேட்டால் 57 என்கிறது, கீழ்த்துண்டைக் கேட்டால் 80, நிஜம் 66.7. காரணம், மாடல் நேரடியாகக் கண்டுபிடிப்பது நகர்வை மட்டும்தான். ஸ்ட்ரெஸ் என்பது அந்த நகர்வின் சரிவிலிருந்து பிறகு பிழிந்தெடுப்பது, ஆகவே எப்போதும் ஒரு படி மட்டம். நீ திரையில் பார்க்கும் வழவழப்பான வண்ணப் படம் பக்கத்து எலிமென்ட்களின் எண்களைச் சராசரி எடுத்துப் பூசிய மேக்கப். அந்தச் சராசரியை ஆஃப் செய்துவிட்டு ஒருமுறை பார், பக்கத்துப் பக்கத்து எலிமென்ட்டில் பெரிய தாவல் இருக்கும் இடத்தில்தான் மெஷ் போதவில்லை என்று அர்த்தம்.

அடுக்குக்குறி

மேலே உள்ள பதில் மெஷ் சின்னதானால் ஸ்ட்ரெஸ் சரியாகிவிடும் என்று நினைக்க வைக்கும். கம்பியில் ஆகும். உன் பிராக்கெட்டில் ஆகாது. 0.25 வைத்தால் 400-ஐ ஒட்டி வரும், 0.125 வைத்தால் அதற்கும் மேல்.

உன் எண்களையே வகுத்துப் பார். 156 ÷ 117 = 1.33. 212 ÷ 156 = 1.36. 290 ÷ 212 = 1.37. எலிமென்ட்டைப் பாதியாக்கும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே மடங்கு ஏறுகிறது. இது தற்செயல் இல்லை. 90 டிகிரி கூர் உள்மூலையில், மீள்தன்மைக் கோட்பாட்டின்படி, ஸ்ட்ரெஸ் மூலையிலிருந்து உள்ள தூரத்தின் 0.4555 அடுக்குக்குத் தலைகீழாக ஏறும், 1952-இல் வில்லியம்ஸ் என்பவர் போட்டுக் காட்டிய கணக்கு இது. தூரம் பாதியானால் 2-இன் 0.4555 அடுக்கு மடங்கு, அதாவது 1.37. சரியாக அங்கேதான் நீ போய்ச் சேர்ந்திருக்கிறாய். மூலையிலேயே ஸ்ட்ரெஸ் முடிவிலி. உன் சாஃப்ட்வேர் பாவம், முடிவிலியை நோக்கி ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கிறது, தப்பு அதன் மேல் இல்லை. அதனால் 117-உம் விடை இல்லை, 290-உம் விடை இல்லை, அந்த இடத்தில் விடையே கிடையாது. அந்த சீனியர் 4 மி.மீ.யில் நிறுத்தச் சொன்னது, தராசு முள் நமக்குப் பிடித்த இடத்துக்கு வரும்போது படித்துக்கொள்வது மாதிரி.

ஒரே நோட்டில் லோடு வைத்தாலும் இதே கதைதான். ஃபிக்ஸ் செய்த முகம் முடியும் ஓரத்திலும் அப்படித்தான்.

(பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. முக்கோணத் துண்டுகளை வைத்து முறுக்கல் கணக்கைத் தீர்க்கலாம் என்று கூரண்ட் என்ற கணிதவியலாளர் 1943-லேயே காட்டிவிட்டார், ஆனால் கணிப்பொறி இல்லாத காலம், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் போயிங்கில் விமான இறக்கையின் விறைப்பைக் கண்டுபிடிக்க இதே வழிக்கு வந்தார்கள். ஃபைனைட் எலிமென்ட் என்ற பெயரை 1960-இல் வைத்தவர் கிளஃப். கால்குலஸில் வரும் நுண்ணிய துண்டு இல்லை, கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள துண்டு, அதனால் ஃபைனைட்.)

கடைசிபெஞ்ச்_மெக்

போய்க் கேட்டேன். மணி அண்ணா சொன்னதுதான், பிரஸ் பிரேக்கில் வளைப்பது, உள் ரேடியஸ் 8. டிராயிங்கிலேயே போட்டிருக்கிறது, நான்தான் மெஷ் எளிதாக வரட்டும் என்று கூர் மூலையாக வரைந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. ராத்திரி திரும்ப ஓட்டுகிறேன். ஒரு சந்தேகம், ரேடியஸ் போட முடியாத இடங்களில் என்ன செய்வது?

சிமென்ட்_மூட்டை

நான் சிவில், இருந்தாலும் மூக்கை நுழைக்கிறேன். "மெஷ் எளிதாக வரட்டும்" என்றதும் ஸ்லைப்னர் மேடை விபத்து ஞாபகம் வந்துவிட்டது. நார்வேயில் ஸ்டாவாங்கர் பக்கம் ஒரு ஃபியோர்டில், கடல் எண்ணெய் மேடைக்கான ராட்சத கான்கிரீட் அடித்தளத்தை மேல்தளம் பொருத்துவதற்கு முன் தண்ணீரில் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1991 ஆகஸ்ட் 23. ஒரு சுவர் பிளந்து தண்ணீர் உள்ளே புகுந்து மொத்தமும் அடியில் போய் நொறுங்கியது, நில அதிர்வுக் கருவிகளில் ரிக்டர் 3 என்று பதிவாகும் அளவுக்கு. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர்.

காரணம் தேடியபோது, உருளை அறைகள் மூன்று சேரும் இடத்து முக்கோண இடுக்கின் சுவரில் ஃபைனைட் எலிமென்ட் மெஷ் முரடாகவும் எலிமென்ட்கள் கோணலாகவும் இருந்தது தெரிந்தது. வெட்டுத் தகைவை (சுவரைக் குறுக்காக அறுக்கப் பார்க்கும் ஸ்ட்ரெஸ்) 47 சதவீதம் குறைவாகக் காட்டியிருக்கிறது. அந்த எண்ணை நம்பிச் சுவரை மெல்லியதாக வைத்துவிட்டார்கள், கான்கிரீட்டுக்குள் வைத்த இரும்புக் கம்பியும் அந்த இடத்தில் போதவில்லை. பிறகு ஒழுங்கான மெஷ்ஷில் போட்டுப் பார்த்தபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில். அதே முறைதான், கையாண்ட விதம்தான் வேறு. இத்தனைக்கும் அந்தச் சுவரை ஒரு சாதா பீம் மாதிரி வைத்துக் கையால் போட்டிருந்தாலே வெட்டு விசை இடித்திருக்கும். மணி சொன்ன அந்த ஒரு வரிக் கணக்கு இருக்கிறதே, அதுதான்.

அடுக்குக்குறி

உன் சந்தேகத்துக்கு: எதைத் தேடுகிறாய் என்பதைப் பொறுத்தது. நுனி இறக்கமோ மூலையிலிருந்து தள்ளி இருக்கும் ஸ்ட்ரெஸ்ஸோ போதும் என்றால் கூர் மூலையை அப்படியே விடலாம், அந்த ஒரு சிவப்புப் புள்ளியைக் கண்டுகொள்ளாதே. மைல்டு ஸ்டீல், ஒரேயடியாக வைத்த நிலையான லோடு என்றால் அந்தச் சின்ன இடம் கொஞ்சம் யீல்டாகிச் சுமையைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். ஆனால் லட்சம் தடவை ஏறி இறங்கும் லோடு என்றால் ஃபட்டீக் வெடிப்பு அந்த மூலையிலிருந்துதான் கிளம்பும், அப்போது நிஜ ரேடியஸைப் போட்டே ஆக வேண்டும். வெல்டு என்றால் அதற்குத் தனி முறைகள் உண்டு, அதற்குத் தனித் திரி திற.

பழகுவதற்கு ஒரு வட்டத் துளை போட்ட அகலமான தகட்டை இழுத்துப் பார். துளை ஓரத்தில் மூன்று மடங்கு ஸ்ட்ரெஸ் வர வேண்டும், கிர்ஷ் 1898-லேயே விடையைக் கொடுத்துவிட்டார். காசு செலவில்லாமல் ஃப்ரீகேட் என்ற இலவச சாஃப்ட்வேரிலேயே செய்யலாம். மூன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் வரை மெஷ்ஷை மாற்றிக்கொண்டே இரு, உன் கைக்கே பிடிபடும்.

கடைசிபெஞ்ச்_மெக்

ஓட்டிவிட்டேன். உள்வளைவில் 114, 118, 119, 119. நின்றுவிட்டது! கையால் போட்ட 90-ஐவிட அதிகம், ஆனால் வளைந்த இடத்தில் உள்பக்கம் கூடத்தானே செய்யும். 250-க்குக் கீழே தாராளமாக இருக்கிறது, எந்த மெஷ் வைத்தாலும் பாஸ்.

விறைப்பணி அண்ணா, நான்கு துண்டுக் கணக்கைப் பஸ்ஸில் வரும்போது போட்டேன், 0.3456. பிழை 4, 1, 0.3 என்று ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய கால்வாசி ஆகிறது. நுனி ஸ்ட்ரெஸ் 88.9-தான் வருகிறது, அது மட்டும் இன்னும் சோம்பல்.

சீனியரிடம் காட்டினேன். "நான் அப்பவே பாஸ்னு சொன்னேன்ல" என்றுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நாளை சுவர்ப் பக்க ஃபிக்ஸை எடுத்துவிட்டு நிஜ போல்ட் துளை இரண்டையும் வைக்கப் போகிறேன்.

பட்டறை_மணி

போல்ட் வைத்தால் மேல் போல்ட் பிடிக்கும், கீழ்ப்பக்கம் சுவரில் அழுந்தும், நுனி இன்னும் கொஞ்சம் இறங்கும், பயப்படாதே. துளை ஓரத்தில் சிவப்பாக வந்ததும் புதுத் திரி திறக்காமல் இதிலேயே போடு, படத்தோடு.